சதுர அடிக்கு

பெனடிக்ட் டேப்பை நீட்டினான்.
மறுமுனையைப் பிடித்து நின்றாள் ரூபி,
நாலாம் வகுப்பு, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர்.
பதினொன்றே கால், பதினாலரை என்று
அவன் சொல்லச் சொல்ல
பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதினாள் ஜெசிந்தா.

சதுர அடிக்கு எவ்வளவு என்றேன்.
அதை மட்டும் கேட்கக் கூடாது அண்ணா என்றான்.
தகரத்தைத் தட்டிப் பார்த்தான்.
தகரத்துக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவே
ஆள் நுழைய இடமிருந்தால் ஒரு கூலி.
எலி நுழைய மட்டும் இடமிருந்தால்
பலகையைக் கழற்றி மாட்ட இன்னொரு கூலி.
எங்கள் வீட்டில் எலிதான் நுழையும்.
இரவெல்லாம் நுழைகிறது.

தெர்மாகோல் மலிவு, எலிக்கும் பிடிக்கும்.
ராக்வுல் நல்லது, ஆனால்
ஜூன் மழையில் ஒருதரம் நனைந்தால்
ஈரக் கம்பளியைத் தலைக்கு மேல் கட்டிக்கொண்டு தூங்குகிற கதை.
ஆகவே முதலில் ஒழுகலை அடைக்க வேண்டும்.
அது தனிக் கணக்கு.
ஒரு அங்குலமா, இரண்டா?
இரண்டு என்றால் விலை இரட்டிப்பாகாது,
குளிரும் பாதியாகாது,
நடுவில் எங்கேயாவது நிற்கும் என்றான்.
நடுவில் எங்கேயாவது என்பதை
ஜெசிந்தா எழுதவில்லை.

அப்புறம் வண்டி வாடகை.
டெம்போ நிறைந்துவிடும், டயர் அமுங்காது.
உள்ளே இருப்பது காற்றுதான் அண்ணா,
ஓடாமல் பிடித்துவைத்த காற்று.
மேட்டுப்பாளையத்திலிருந்து
பதினாலு கொண்டை ஊசி வளைவுக்கும்
காற்றுக்கு வாடகை.
காந்தலில் காற்றுக்கா பஞ்சம்!
ரோட்டில் இறக்கினால் வீட்டுக்கு
அறுபத்திரண்டு படி.
சுமப்பவர் படியை எண்ணிவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.
இப்போது செப்டம்பர், ஆள் கிடைக்கும்;
டிசம்பரில் ஊரே நடுங்கும்போது
நான் சொல்வதுதான் விலை என்று
சிரிக்காமல் சொன்னான்.

கூட்டினாள். தப்பாயிருக்கும் என்று மறுபடி கூட்டினாள்.
சீட்டுப் பணம் பாதிக்குத்தான் எட்டியது.

அன்றிரவு பேக்கரியில்
வர்க்கி அடுப்பின் வாயில் நின்றிருந்தேன்.
அதன் தரைக்கடியில்
உடைந்த பாட்டில், கல்லுப்பு, மணல், ஒரு முழ ஆழம்.
சுவர் இரண்டடி.
கொத்தனார் கேட்ட தொகைக்கு
ஹம்சா பாய் பேரமே பேசவில்லை.
எரிவது அவர் விறகு.
அடுப்புக்கு இவ்வளவு போர்வை.
போன ஜனவரியில் ரூபிக்கு மூச்சிரைத்து
மூன்று ராத்திரி ஆட்டோ, மூன்று ஆவி மருந்து.
அதை எந்த நோட்டிலும் நாங்கள் எழுதவில்லை.

காலையில் சொன்னேன்:
படுக்கிற அறை மட்டும். இரண்டு அங்குலம்.
இணைப்புக்கு ஒட்டுகிற வெள்ளி டேப் வேண்டாம்.
டேப் வேண்டும் அண்ணா என்றான் பெனடிக்ட்.
ஜெசிந்தா அந்த வரியை அடித்துவிட்டாள்.

முதல் உறைபனி விழுந்த அன்று
வேலை முடிந்து வந்தவன்
மேலே ரோட்டிலேயே நின்றுவிட்டேன்.
கீழே எங்கள் கூரை.
ஜெசிந்தா அடுப்பு மூட்டிய பக்கம்
தகரம் கறுத்து, நனைந்து, புகைந்தது.
விலை கொடுத்து வாங்கிய விறகு
வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.
படுக்கிற அறைக்கு மேல்
பனி உருகவேயில்லை.
நூற்று அறுபத்து மூன்று சதுர அடி,
கத்தியால் நறுக்கியதுபோல் வெள்ளை.
அதன் கீழே ரூபி
ஒரே ஒரு ஸ்வெட்டரில் தூங்குகிறாள்.

குறுக்கே மட்டும் ஒரு கறுப்புக் கோடு,
கையகலம், சுவருக்குச் சுவர்.
நோட்டில் அடித்த வரி.

அங்கேயே நின்று போன் போட்டேன்.
தூக்கக் குரலில் சொன்னான்:
டேப் விலை ஏறிடுச்சு அண்ணா.